சத்தம் நின்ற வண்டி

மார்ச் 3, செவ்வாய்

இந்த மாதமும் பங்க்கில் பிரீமியம் பெட்ரோல் அதிகம் விற்றது நான்தான். மேனேஜர் என் போட்டோவை அலுவலகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதில் மூக்கு மட்டும் தனியாகத் தெரிகிறது.

ரகசியம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் "சாதாவா, பிரீமியமா?" என்று கேட்பார்கள். நான் "பிரீமியம்தானே?" என்று சொல்லிக்கொண்டே டேங்க் மூடியைத் திறந்துவிடுவேன். இல்லை என்று சொல்லப் பலருக்குக் கூச்சம்.

மார்ச் 5, வியாழன்

அத்தான் மூன்றாம் பம்புக்கு வந்தார். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். அந்த ஒரு வண்டியை நம்பித்தான் அக்கா குடும்பம் இருக்கிறது. நாலு நாளாக மேடு ஏறும்போது இஞ்சினில் டக்டக்கென்று சத்தமாம்.

"மெக்கானிக்கிட்ட விட்டா ரெண்டு நாள் ஓட்டம் போயிடும். நீ பெட்ரோல்லயே நிக்கிறவ. நீ என்ன சொல்ற?"

என்னிடம் கேட்கிறார்! அதுவும் பக்கத்துப் பம்புக்காரி காதில் விழும்படி. பயிற்சி வகுப்பில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "பெட்ரோலோட தரம், அந்த ஆக்டேன் நம்பர் பத்தல அத்தான். பிரீமியம் போட்டா அடங்கிடும். மெக்கானிக் எதுக்கு?"

டேங்க்கை நிரப்பி அனுப்பினேன்.

மார்ச் 9, திங்கள்

சத்தம் நின்றுவிட்டதாம். அக்கா போன் செய்து, "எங்க வீட்டு இஞ்சினியர் அம்மா இருக்காங்களா?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

மழை. ஷூ ஊறிவிட்டது. அத்தான் மூன்றாவது தடவையாக பிரீமியம் போட்டுக்கொண்டு போனார்.

ஏப்ரல் 2, வியாழன்

அத்தான் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பானெட்டுக்குள்ளிருந்து ஒரே ஆவி. பின் சீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு அம்மா. நல்லவேளை, அவருக்கு வேறு வண்டி கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 4, சனி

ஷிப்ட் முடிந்ததும் யூனிபார்மோடே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

இஞ்சினைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பியிருந்தார்கள். ரேடியேட்டர் குழாயில் கசிவு. தண்ணீர் குறையக் குறைய இஞ்சின் சூடேறியிருக்கிறது. அந்தச் சூட்டில் வந்ததுதான் டக்டக்.

"அப்பவே கொண்டு வந்திருந்தா ஒரு குழாயை மாத்தி அனுப்பியிருப்பேன்," என்றார் மெக்கானிக். "வண்டி வாய்விட்டுச் சொல்லியிருக்கு. நீங்க பிரீமியத்தை ஊத்தி அது வாயை அடைச்சிட்டீங்க. சத்தம்தான் நின்னுச்சு, சூடு நிக்கல. இஞ்சின் இனி தேறாது."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, "என் தப்புதான்," என்றார்.

மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்து காட்டினார். இந்த வண்டிக்கு எந்த ஆக்டேன் வேண்டும் என்று உள்பக்கம் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறது. சாதா பெட்ரோலின் நம்பர்தான். அந்த மூடியை எத்தனை தடவை திறந்திருப்பேன்? ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

பிறகு என் யூனிபார்மைப் பார்த்து, விளையாட்டாகத்தான் கேட்டார். "நீங்க பங்க்லயே இருக்கீங்களே, உங்க ஸ்கூட்டருக்கு என்ன போடுவீங்க?"

சாதா. என்றைக்கும் சாதாதான். பையில் ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அத்தான் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்போ எனக்குத் தெரிஞ்சே இருந்திருக்கா? தெரியாமலா என் வண்டிக்கு மட்டும் போடாம இருந்தேன்?

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். தண்ணீர் பார்க்க மறந்துவிட்டேன் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். என் பேரையே எடுக்கவில்லை. அக்கா என் எதிரிலேயே அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "ஒரு வண்டியப் பார்த்துக்கத் துப்பில்ல."

அவர் வாயே திறக்கவில்லை. நானும்தான். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். பிஸ்கட்டை வேற நனைச்சுத் தின்னேன். சீ, என்ன பிறவி நான்.

ஏப்ரல் 11, சனி

இன்றைக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

பழைய கார் ஒன்று டக்டக்கென்று வந்து நின்றது. "பிரீமியம்தானே?" — நான் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. அந்த ஆளும் தலையாட்டிவிட்டார். போட்டு அனுப்பிவிட்டேன். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்து கண்ணாடியில் ஒட்டியிருந்த என் படத்தைக் கிழித்தேன். மூக்கு மட்டும் வர மறுத்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். மேனேஜர் கேட்டதற்கு, வெயிலில் உரிந்துவிட்டது என்றேன். அதுவும் பொய்.

ஏப்ரல் 22, புதன்

சொல்லிவிட்டேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"சத்தம் நின்னப்ப உனக்கு போன் போட்டு இஞ்சினியர்னு சொன்னதே நான்தானே. மெக்கானிக் அன்னிக்கே போன்ல பிரீமியம் கதையைச் சொன்னதும் எனக்குப் புரியாதா?"

"அப்போ அத்தானை ஏன் அன்னிக்கு அப்படி..."

"உன் எதிர்ல திட்டினேனே, எதுக்கு? அந்த மனுஷன் உனக்காகப் பேச்சு வாங்கறதப் பார்த்தாவது நீ வாயைத் திறப்பேன்னு நினைச்சேன். பதினேழு நாள் ஆச்சு உனக்கு."

தப்பான யோசனை சொன்னதற்கு அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து வரும்போது வாசல் வரை வரவில்லை.

மே 12, செவ்வாய்

அத்தான் இப்போது ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறார். வேறு யாருடையதோ கார். இன்று காலை, வரிசை இல்லாத பம்புகளை விட்டுவிட்டு என் பம்புக்கு வந்து நின்றார்.

"என்ன போடட்டும் அத்தான்?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

"நீயே பார்த்துச் சொல்லு."

மூடியைத் திறந்து, குனிந்து, ஸ்டிக்கரில் இருந்ததை அவருக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தேன். நம்பரை இரண்டு தடவை. "சாதாவே போதும்." உள்ளேயிருந்து மேனேஜர் பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும்.

மூடியை அழுத்திச் சாத்திவிட்டு, அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

சாவியைத் திருப்பினார். இஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாரு," என்றார்.