கண்ணாடியில் ஒட்டும் ஜிபிஎஸ்ஸும் உன் இடது கையும்

அப்பா,

வண்டியின் முன்கண்ணாடியில் அந்த வட்டம் இன்னும் போகவில்லை. இன்று காலை லாஸ்பேட்டை வீட்டு வாசலில் நிறுத்தி உள்பக்கத்தைத் துடைத்தேன். சோப்புத் தண்ணீர், ஈரச் செய்தித்தாள், கடைசியில் நகம், எதற்கும் அது அசையவில்லை. ஜிபிஎஸ் பெட்டியின் ரப்பர் கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருந்த இடம் அது. தேய்க்கத் தேய்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. நீ போய் வருஷம் திரும்பப் போகிறது, உன் மேல் இருக்கும் கோபம் ஆறவில்லை. அதை உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டுமாம். முதலில் நல்லதைச் சொல்கிறேன். உன்னைப்போல வண்டி ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. பாகூர்ப் பக்கம் ஏர் ஓட்டிய குடும்பத்தில் அரசாங்க ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் ஆள் நீ. கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் நூல் பிடித்த மாதிரி திருப்புவாய். மடியில் வைத்த குழம்புத் தூக்கில் ஒரு சொட்டு தளும்பாது.

உன் உத்தியோகத்துக்கு ஓர் எழுதாத சட்டம் இருந்தது. பின்சீட்டில் அதிகாரி உட்காருவார். அவர் இடது என்றால் இடது, வலது என்றால் வலது. வழி உனக்குத் தெரிந்திருந்தாலும் அவர் வாயைத் திறக்கும்வரை திருப்பக்கூடாது. ஒருமுறை ஓர் அதிகாரி தானே தப்பாகச் சொன்ன திருப்பத்துக்காக, சுருட்டிய செய்தித்தாளால் உன் பின்மண்டையில் அடித்தார். "மன்னிச்சுக்கங்க ஐயான்னு சொல்லிட்டு ரிவர்ஸ் எடுத்தேன்" என்று ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு வந்து நீயே சொன்னாய். அதைச் சொல்லி முடித்ததும் எழுந்து போய் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை எட்டி உதைத்தாய். அம்மாவின் பாதத்தில் கஞ்சி கொட்டியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஓய்வு பெற்று ஒரு பழைய வண்டி வாங்கினாயே, அதில் அந்த அதிகாரியின் வேலையை அம்மாவுக்குக் கொடுத்தாய். பாண்டிக்குள் உனக்கு யாரும் வழி சொல்ல வேண்டாம். எல்லை தாண்டிவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து அவள்தான் சொல்ல வேண்டும், எழுத்துக்கூட்டிப் பலகை படிக்கிற அவள். வண்டியை நிறுத்தி ஒரு டீக்கடையில் கேட்டால் ஆயிற்று. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நீயோ, "வழி கேக்கறவன்லாம் ஒரு டிரைவரா?" என்பாய். அவள் சொன்ன வழி தப்பிவிட்டால் உன் வலது கை ஸ்டியரிங்கை விடாது. இடது கைதான் எழும்பும். புறங்கையால் ஒரு வீச்சு. சாலையிலிருந்து பார்வையைத் திருப்பாமலே அடிப்பாய், குறி தப்பாது.

திண்டிவனம் போன அன்று நான் பின்சீட்டில் இருந்தேன். பலகை லாரியின் மறைவில் போய்விட்டது, அவள் சொல்லத் தவறிவிட்டாள். உன் மோதிரம் அவள் வலது காதுக் கம்மலில் மாட்டி, காது கிழிந்தது. முந்தானையை மடித்துக் காதில் அழுத்திக்கொண்டாள், ரவிக்கையின் தோள் முழுக்கச் சிவப்பு. "அடியாத மாடு படியாது" என்று நீ முணுமுணுத்தாய். என்னை நீ ஒரு நாளும் அடித்ததில்லை. அதை நீ எனக்குக் காட்டிய சலுகையாக நான் எண்ணியதில்லை, எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது.

நான் வேலைக்குப் போய் முதல் கார் வாங்கக் கடைக்குப் போனபோது நீயும் வந்தாய். ஓட்டப்போவது நீதானே. விற்கிற பையன் இரண்டு விதம் காட்டினான். ஒன்று டாஷ்போர்டுக்குள்ளேயே பதித்து வரும் ஜிபிஎஸ், உயர்ந்த மாடலில் மட்டும். பெரிய திரை, ஒயர் வெளியே தெரியாது, எவனும் திருட முடியாது. ஆனால் பழுதானால் டாஷ்போர்டையே பிரிக்க வேண்டும், புது வரைபடம் வேண்டுமென்றால் தனியாக வட்டு வாங்க வேண்டும். இன்னொன்று கண்ணாடியில் ஒட்டுவது. சிகரெட் லைட்டர் ஓட்டையில் ஒயரைச் செருகினால் போதும், எந்த வண்டிக்கும் மாற்றலாம், வீட்டுக்குள் எடுத்துப் போகலாம். வண்டியிலேயே விட்டுவிட்டால் மட்டும் கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "வெயில்ல சில சமயம் கழண்டு விழும் சார்" என்றும் உண்மையைச் சொன்னான், பாவம்.

உனக்குப் பதித்ததுதான் பிடித்தது. "ஒட்டுனது என்னிக்கும் ஒட்டுனதுதாம்மா. முடுக்கி வச்சதுதான் வண்டியோட கூடப் பொறந்தது" என்றாய். நான் ஒட்டுவதுதான் வேண்டும் என்றேன். நாளைக்கு வண்டியை மாற்றினால் பெட்டி நம்மோடு வரும் என்று காரணம் சொன்னேன். நீ நாற்காலியை உதைத்தாய், அந்தப் பையனின் டீ அவன் சட்டையிலேயே கொட்டியது. நான் மசியவில்லை.

என் மனக்கணக்கு வேறு. பதித்த பெட்டியை நீ குத்தினால் உன் கைதான் வலிக்கும். வலித்த கை அடுத்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஒட்டியதைப் பிய்க்கலாம், எறியலாம், காலில் போட்டு மிதிக்கலாம். அம்மாவுக்குப் பதிலாக அடி வாங்க வண்டியில் ஒன்று வேண்டியிருந்தது. அதைத்தான் நான் வாங்கினேன்.

முதல் பெட்டி நோணாங்குப்பம் பாலத்தில் போனது. ஆற்றுக்கு நடுவே வந்ததும் அதற்கு என்ன தோன்றியதோ, இங்கிலீஷ் பெண்குரலில் யு-டர்ன் எடு, யு-டர்ன் எடு என்று நச்சரித்தது. "தொரசாணி சொல்றா பாரு, ஆத்துல எறங்கணுமாம்" என்று நீ பல்லைக் கடித்தாய். கை எழும்பியதும் அம்மா தன்னை அறியாமல் வலது காதைப் பொத்திக்கொண்டாள். நீ பெட்டியை ஒயரோடு பிய்த்து ஜன்னல் வழியாக ஆற்றில் வீசினாய். கீழே படகிலிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அம்மாவின் கை மெல்லக் காதிலிருந்து இறங்கியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். உன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டினாய். கேலி இல்லை அப்பா, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவதைக் கனகசெட்டிக்குளம் தாண்டி, சாலையோரத்தில் போட்டுச் செருப்புக்காலால் மிதித்தாய். திரை நொறுங்கிய பிறகும் மிதித்தாய். மூன்றாவதுக்குப் போனபோது கடைப் பையன், "மேடம், வீட்ல சின்னக் கொழந்த இருக்குங்களா?" என்று கேட்டான். ஒன்று இருக்கிறது என்றேன்.

மூன்றாவது பெட்டியின் கதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன், நீ ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை என்பதால்.

நெல்லிக்குப்பம் பக்கம் மாமா பேரனுக்குக் காதுகுத்து. அத்தைப்பாட்டி முறையில் அம்மா நல்ல நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சித்திரை வெயில். கரும்பு டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன, உன் வாய் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. கண்ணாடி கொதித்து ரப்பர் இளகி, பெட்டி பொத்தென்று உன் காலடியில் விழுந்தது. பிரேக்குக்குக் கீழே போயிருந்தால் மூன்று பேரும் அன்றே முடிந்திருப்போம். அம்மா சட்டென்று குனிந்து அதை எடுத்துவிட்டாள். அதற்குள் திருப்பம் போய்விட்டது.

நீ கரும்புக் கொல்லை ஓரமாக வண்டியை நிறுத்தினாய். "அது வுழுந்தா ஒனக்கு வாயில்ல? வழி சொல்லத் துப்பில்ல?" என்றாய். புறங்கை அவள் வாயில் விழுந்தது. உதடு வெடித்தது. நான் பின்னாலிருந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், நீ தோளை உதறியதில் என் நெற்றி சீட்டுக் கம்பியில் மோதியது. கை மறுபடி எழும்பியது.

அம்மா கையிலிருந்த பெட்டியால் அந்தக் கையின் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. நீ நம்பாமல் அவளைப் பார்த்தாய். பிறகு அவள் கழுத்தை எட்டினாய். அடுத்த அடி உன் புருவத்துக்கு மேல். பெட்டியின் முனை தோலைக் கிழித்தது, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அவள் மிரண்ட மாதிரித் தெரியவில்லை, நிதானமாக அடித்தாள். இன்னும் ஓர் அடி. அவள் கையில் இருந்த பெட்டி அப்போதும் உயிரோடுதான் இருந்தது. முடிந்தபோது யு-டர்ன் எடு என்றது.

"நான் பின்னால குந்திக்கிறேன்" என்றாள் அம்மா. "நீங்க வண்டிய எடுங்க."

இறங்கி, சேலையை உதறி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெட்டி அவள் மடியில் இருந்தது. முன்சீட்டு காலி. நீ வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்தாய். ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி, உன் ஆயுளில் முதல்முறையாக, வழி கேட்டாய்.

காதுகுத்து வீட்டு வாசலில் நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வண்டி நின்றதும் நீ இறங்கி, சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாய். உனக்கே தெரியாமல் செய்தாய். பின்சீட்டில் ஆள் இருந்தால் உன் கை அதைத்தானே செய்யும். பிறகுதான் உனக்கு உறைத்தது. முகம் கறுத்துப்போனது, ஆனால் கதவை விடவில்லை. அம்மா உன்னைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். நெற்றி என்ன ஆச்சு, உதடு என்ன ஆச்சு என்று மாமா கேட்டதற்கு, மாடு குறுக்கே வந்தது, திடீர் பிரேக் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு அவள் முன்சீட்டில் உட்காரவே இல்லை. அந்தப் பெட்டி இல்லாமல் வண்டியில் ஏறவும் இல்லை. உன் கையும் எழும்பவில்லை. நீ திருந்தினாய் என்று அத்தை சொல்வாள். நீ பயந்தாய் என்பது என் கட்சி. எதுவாக இருந்தாலும் அவள் காதுக்கு ஒன்றுதான்.

உனக்கு மார்பு வலித்த மத்தியானம் எனக்கு ஓட்டத் தெரிந்தும் நீ தராத ஸ்டியரிங் முதல்முறையாக என் கையில். நீ பின்சீட்டில், உன் தலை அவள் மடியில். ஆஸ்பத்திரிக்கு வழி எனக்குத் தெரியாதா? இருந்தும் சிக்னல் வந்ததும் நீ முனகினாய்: "இடது எடும்மா." நான் அதுவரை திருப்பவில்லை. நீ சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. அன்று நான் அழுதது பொய்யில்லை அப்பா. இந்தக் கோபமும் பொய்யில்லை.

போன வாரம் அம்மாவும் நானும் விழுப்புரம் போனோம். பஸ் ஒன்று பின்னாலிருந்து ஹாரனால் குடைந்துகொண்டே வந்தது, பாலத்துக்கடியில் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிட்டேன். உடம்பெல்லாம் சுர்ரென்று ஏறியது. நான் நினைக்கவே இல்லை, என் இடது கை எழும்பி புறங்கையால் வீசியது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை, அம்மாவின் கைப்பை மட்டும் இருந்தது. அது கதவில் மோதிக் கீழே கொட்டியது. வெற்றிலை, சாவி, கண்ணாடிக்கூடு எல்லாம் உருண்டன. விரல் முட்டி வலித்தது. ஒரு கணம் இதமாகவும் இருந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பின்சீட்டைக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் வலது காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொட்டி எங்க?" என்றாள்.

நீ போன பிறகு அதை டாஷ்போர்டு அறைக்குள் போட்டு வைத்திருந்தேன். முனை உடைந்தது, சார்ஜ் நிற்காதது. அங்கேதான் இருக்கிறது என்றேன்.

"எடுத்து எங்கிட்ட குடு."

வண்டியை ஓரம் கட்டி எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, வீடு வரும்வரை எடுக்கவில்லை.