நைனாவின் இடது கை

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். டாக்டர் பையன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, ரேடியஸ் எலும்பு லேசாக விட்டிருக்கிறது, கூடிவிடும் என்றான். எனக்கே எலும்புப் பாடம்! படத்தைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. சாவுச் செய்தி வந்தும் நான் கிளம்பவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளில் செஞ்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில் நீயும் நானும் சயின்ஸ் வாத்தியார்கள். எலும்பு மண்டலம் நடத்த நம்மிடம் இருந்தது ஓரம் கிழிந்த ஒரு படம். "படத்துல இருக்கிறது எலும்பு இல்லப்பா, மைதான்" என்பாய். ஒரு கோடை விடுமுறை முடிவில் கோணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். மெட்ராசில் டாக்டருக்குப் படிக்கிற சொந்தக்காரன் கொடுத்தான் என்றாய். மண்டை ஓட்டிலிருந்து கால் விரல் வரை முழு ஆள். ராஜகிரிக் கோட்டையைப் பார்த்த பள்ளிக்கூட மொட்டை மாடியில் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி, குரங்கு தூக்கிப் போகாமல் பார்த்துக் காயவைத்தோம். அப்புறம் கம்பி கோத்துக் கட்டினோம். வலது பக்கம் நீ, இடது பக்கம் நான்.

இடது முன்கை எலும்பின் நடுவில் ஒரு புடைப்பு இருந்தது. ஒடிந்து, கொஞ்சம் கோணலாகக் கூடிய எலும்பு. உன்னிடம் காட்டினேன். எவனோ மரத்திலிருந்து விழுந்திருப்பான், விடு என்று சொல்லிவிட்டுக் கம்பியை முறுக்கினாய். உன் கை நடுங்கவே இல்லையே, மகராசா.

இரண்டு வருஷம் அந்தக் கையைப் பிடித்துத்தான் பாடம் நடத்தினேன். மேலே கெட்டி, உள்ளே தேன்கூடு மாதிரி பொந்து, அதனால்தான் கனமில்லாமல் பலம் என்பேன். மஜ்ஜை இருந்த இடம், ரத்தம் ஊறுகிற இடம் என்று காட்டுவேன். ஒடிந்த இடத்தில் எலும்பு தானே வளர்ந்து ஒட்டுப் போட்டுக்கொள்ளும் என்று சொல்லி, பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தப் புடைப்பைத் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

உண்மையைச் சொன்னவர் வல்லத்துப் பக்கம் எங்கள் ஊரில் குழி வெட்டுகிறவர். கல்லறைத் திருநாளன்று அப்பா குழிக்குப் பூ வைக்கப் போயிருந்தேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொஞ்சம். பழைய குழியைத் திரும்பத் தோண்டும்போது வருகிற எலும்பை வீட்டாரைக் கேட்டுத்தான் தொடுவார்கள். வெள்ளைத் துணியில் கட்டி, புதிதாகப் போகிறவர் கால்மாட்டில் வைப்பார்கள். அந்த மனிதர் என்னைப் பார்த்துப் பெருமையாகக் கேட்டார்: "இன்னா வாத்தியாரே, உங்க நைனா நல்லா பாடம் சொல்றாரா? பள்ளிக்கூடத்துக்கு நீங்கதான் குடுக்கச் சொன்னீங்கன்னு உங்க சிநேகிதரு வந்து தோண்டி வாங்கிட்டுப் போனாரே."

நைனா மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும்போது கிணற்றுக்குள் சறுக்கி இடது கையை ஒடித்துக்கொண்ட கதையை, எங்கள் வீட்டில் உனக்குச் சோறு போடும்போதெல்லாம் அம்மா சொல்லியிருக்கிறாள். எந்தக் கை, எந்த இடம், எல்லாம் தெரியும் உனக்கு. தெரிந்தும் அவரை என் கையாலேயே கம்பி கோக்க விட்டாய். பாவி.

அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அந்தப் பெரியவர் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு, நேரே வந்து உன் சட்டையைப் பிடித்தேன். நீ அசரவில்லை. மண்ணுக்குள் சும்மாதானே கிடந்தது, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் பார் என்றாய். கேட்டால் கொடுக்கமாட்டேன் என்றுதான் கேட்கவில்லையாம். நைனாவைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன், அது போதும் என்று அழுதேன். "இன்ஸ்பெக்‌ஷன் மட்டும் முடியட்டும். நானே வண்டி கட்டி எடுத்துட்டு வரேன். எங்கம்மா மேல சத்தியம்" என்றாய். நம்பினேன்.

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் நைனாவைப் பார்த்துச் சொக்கிப்போனார். கண்காட்சிக்கென்று நைனாவைப் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு எடுத்துப் போனாய். அங்கேயே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் அவரையும் சேர்த்துவிட்டு நீயும் வேலைக்குச் சேர்ந்துகொண்டாய். என் கடிதங்களுக்குப் பதில் இல்லை. நேரில் வந்தேன். அது பள்ளிக்கூடச் சொத்து, ரெஜிஸ்டரில் ஏறிவிட்டது என்று வாசலிலேயே நிற்க வைத்துச் சொன்னாய். ரகளை பண்ணியிருக்கலாம். பண்ணினால் அம்மா காதுக்குப் போகும். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. "நான் போனா உங்க நைனா குழியிலயே வைடா. அவர என் கால்மாட்டுல வச்சிடு" என்பாள். சரிம்மா, சரிம்மா என்று வருஷக்கணக்காகத் தலையாட்டினேன்.

அவள் போன அன்று குழி வெட்டப் புது ஆள் வந்திருந்தான். ஊரே சுற்றி நின்றது. தங்கச்சி வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோண்டத் தோண்ட மண்தான் வந்தது. "இன்னாண்ணே, நைனா எங்க?" என்றாள்.

"மண்ணு தின்னுடுச்சும்மா" என்றேன்.

எலும்பு அவ்வளவு சீக்கிரம் மக்காது என்று வகுப்பு வகுப்பாகச் சொன்ன வாய் இது. சயின்ஸ் வாத்தியாரே சொல்லும்போது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். தங்கச்சி குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் துணியில் முடிந்து, நைனா வந்துட்டாரும்மா என்று சொல்லி அம்மா கால்மாட்டில் வைத்தாள். இன்றைக்கும் வருஷா வருஷம் அங்கே இரண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறாள். இரண்டாவதைக் காற்று அணைத்துவிடாமல் பக்கத்தில் மறைத்துக்கொண்டு நிற்கிறேன். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உன் திருட்டுக்கு என்னைக் காவல் வைத்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே.