மூன்றாம் வரிசை

மார்ச் 4

என் கண்ணுக்குப் பாட்டி எழுதுவது.

தபாலில் போட்ட இரண்டு கடிதமும் உனக்கு வந்து சேர்ந்திருக்காது. இங்கே இருக்கும் அதிகாரி எல்லாவற்றையும் பிரித்துப் படிக்கிறான். அதனால் இதைச் சமையல்காரியிடம் கொடுத்து, அவள் தங்கை வீட்டிலிருந்து தபாலில் போடச் சொல்கிறேன். பதிலையும் அந்த முகவரிக்கே போடு.

உலக சபையின் பொதுச் செயலாளருடைய பாட்டி வாடகை வீட்டில் இருக்கக் கூடாதாம். மரியாதை என்று சொல்லி என்னை அரசாங்க பங்களாவில் கொண்டுவந்து வைத்து ஐந்து வாரம் ஆகிறது. வீட்டுக்குப் போகிறேன் என்றால், "மேலிடத்துல கேக்கணும்மா" என்கிறான். நீ உள்ளே நுழைந்தால் நூற்றுச்சொச்சம் நாட்டுக்காரர்கள் எழுந்து நிற்பதை டிவியில் பார்த்தேன். இங்கே வாசலில் ஒரு போலீஸ்காரன் எனக்கு வழி விட மாட்டேன் என்கிறான். நம் அரசாங்கத்திடம் ஒரு வார்த்தை கேளேன்.

பாட்டி

மார்ச் 17

அன்புள்ள பாட்டிக்கு,

எழுந்து நிற்பதோடு சரி. எனக்கு ஓட்டும் கிடையாது, படையும் கிடையாது. எந்த அரசிடமும் சலுகை கேட்காதவள் என்ற பெயர் ஒன்றுதான் இருக்கிறது.

ஏப்ரல் இருபதாம் தேதி ஓர் அறிக்கையைச் சபையில் வைக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் இருந்த மருத்துவமனையின் மேல் நம் விமானங்கள் குண்டு போட்டதைப் பற்றியது. அறிக்கையை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. நம் தூதர் மட்டும் தினமும் போன் செய்து, "பாட்டிக்கு ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

தள்ளிப்போட்டுவிடலாமா பாட்டி? உங்களிடம் இதைக் கேட்கக் கூடாதுதான்.

உங்கள் பேத்தி

ஏப்ரல் 2

கண்ணு,

நேற்று அதிகாரி, "உங்க பேத்தி உங்கள ஒரு வார்த்தைகூட விசாரிக்கலையேம்மா" என்றான்.

"இப்பதான் கேக்குறியா? உக்காரு, சொல்றேன்."

தாத்தா செத்த எட்டாம் நாள் வந்து மூன்று மணி நேரத்தில் நீ கிளம்பியது, கல்யாணத்தை போட்டோவில் காட்டியது, என் கண் ஆபரேஷனுக்கு வராதது, பதவியேற்பில் தூதர்களையெல்லாம் முன்னால் விட்டு என்னை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்தது, எல்லாம் சொன்னேன்.

"எப்படிம்மா தேதியோட வெச்சிருக்கீங்க?"

"மறக்க நேரம் இல்லப்பா."

உடனே மேலிடத்துக்கு போன் போட்டான். "சார், கிழவியால பிரயோஜனம் இல்ல. ரெண்டு பேருக்கும் ஜென்மப் பகை."

சொன்னதையெல்லாம் என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டான். நீ பதறுகிறாயா என்று பார்க்க அதை உன் ஆபீசுக்கு அனுப்புவார்கள். பதில் போடாதே, போட்டால் நான் சொன்னது பொய்யாகிவிடும். தூதர் ரத்தக்கொதிப்பைப் பற்றிக் கேட்டால், "யாருக்கு?" என்று கேள்.

நாளையிலிருந்து சமையல்காரியையும் சோதனை போடுகிறார்களாம். இதற்குமேல் கடிதம் இல்லை. என்னை விடுவார்களா, தெரியாது. நீ இருபதாம் தேதியே அறிக்கையை வை.

அவனிடம் காட்டிய கோபம் நடிப்பு என்று நினைத்துவிடாதே. அத்தனையும் நிஜம். நேரில் உன்னை உட்கார வைத்துத் திட்டித் தீர்க்கலாம் என்றுதான் வைத்திருந்தேன்.

பாட்டி