செவுளில் கோத்த கயிறு

டெரென்டி அண்ணனுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்கக் கை வரவில்லை. "அரசாங்கத்து நாயே, அப்பா படகைத் திருப்பிக் கொடுக்க வைடி" என்று இத்தாலியில் டூரினிலிருந்து நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. நாய் என்றே வைத்துக்கொள். நடந்ததைத் தெரிந்துகொண்டு திட்டு.

முட்டைக்காகவே பெரும் விலை போகும் மொரூன் மீன்கள், முட்டையிடக் கடலிலிருந்து டான்யூப் ஆற்றுக்குள் ஏறும் பருவம் இது. பிடிக்கத் தடை. தவறி வலையில் விழுந்தால் உடனே விட்டுவிட வேண்டும். விட்டவர் மேல் வழக்கில்லை. அப்பாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் வேலை பார்க்கும் ஆற்றுக் காப்பகத்தின் காவல் படகில் நானும் மேலதிகாரி டிராகோமிரும் போனபோது, நாணல்களுக்கிடையே ஒரு கயிறு இழுபட்டுக்கொண்டிருந்தது. மறுமுனையில் மொரூன், ஆள் நீளத்துக்கும் மேல். செவுள் வழியே கயிறு கோத்து, உயிரோடு கட்டப்பட்டிருந்தது. சற்றுத் தள்ளி அப்பாவின் படகு, அதில் அப்பா.

தவக்காலம் அல்லவா? இடையில் மங்கள வார்த்தை திருநாள் வந்தால்தான் நம் சபையார் மீன் தொடலாம். அதுவரை கொல்லாமல் கட்டிவைத்திருக்கிறார். வேறு எவனாவது என்றால் அன்றே வயிற்றைக் கீறி முட்டையை விற்று முடித்திருப்பான். அப்பாவை அவருடைய பக்திதான் காட்டிக்கொடுத்தது.

டிராகோமிர் இளகிய மனதுக்காரர். "பெரியவரே, தானா வந்து மாட்டுச்சு, இப்பதான் விடப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார். அப்பா தாடியைத் தடவிக்கொண்டு, "தவக்காலத்துல என்னைப் பொய் சொல்லச் சொல்றியா? நான்தான் கட்டுனேன். என்ன இப்போ?" என்றார்.

கயிற்றை அறுத்தது நான். மீன் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு போயிற்று. படகைப் பறிமுதல் செய்து அறிக்கை எழுதியதும் நான்தான்.

அது தவறி மாட்டியது என்று அறிக்கையில் எழுதச் சொல்கிறாய். அப்பா சொல்ல மறுத்த பொய்யை அவர் பெயரில் நான் எழுத வேண்டுமா? "பெரிய ஓட்டல்காரனுங்களைத் தொட உங்களுக்குத் துப்பிருக்கா?" என்றும் கேட்டாய். திருட்டு முட்டை வாங்கும் அவர்களில் சிலரைப் பிடித்தோம், பலரைக் கோட்டை விட்டோம். வெட்கம்தான். அதற்காக அந்தக் கயிற்றைக் கண்டும் காணாமல் போக என்னால் முடியாது.

கடைக்குப் போனால் ஜினோவியா அக்கா, "வழி விடுங்கடி, மொரூனுக்குப் பொறந்தவ வர்றா" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். பழகிவிட்டது.

நேற்று வீட்டுக்குப் போனேன். அப்பா திட்டவில்லை. தேநீர் ஊற்றினார். நம் சபையைச் சேராத ஆட்கள் வந்தால் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு கோப்பை வைத்திருப்போமே, அதில் ஊற்றி என் முன்னால் வைத்தார். குடித்தேன். கழுவி, அது இருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அறிக்கையை மாற்ற மாட்டேன். நீ என்னோடு பேசவும் வேண்டாம். ஆனால் ஈஸ்டருக்கு ஊருக்கு வா. படகில்லாமல் அவர் துறையில் வெறுமனே நிற்கிறார். அங்கே என்னைக் கண்டால் வீட்டுக்குள் போய்விடுகிறார். நீ வந்தால் அவர் போகமாட்டார். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கைதான்,
ஃபெவ்ரோனியா