கருப்பட்டி குடித்த எஞ்சின்

இராஜாக்கமங்கலம்
கொல்லம் 1110 தை மாதம்

கொழும்பில் இருக்கும் என் மகன் செல்வதாஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் எல்லாரும் உயிரோடும் சாப்பாட்டோடும் இருக்கிறோம், உனக்காகத் தினமும் ஜெபம் பண்ணுகிறேன், ஆனால் எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை மக்கா. உன் தம்பி சத்தியநேசனுக்கு வலது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. குளத்துத் தண்ணீர் மடைக்குக் கீழே போய்விட்டதால் அப்பா எஞ்சின் வைத்து வயலுக்கு இறைத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும், எஞ்சினுக்கு ஊற்ற நாகர்கோவிலில் இருந்து வர வேண்டிய குரூடாயில் வரவில்லை, நெல்லோ கதிர் தள்ளுகிற பருவத்தில் பொதிகட்டி நிற்கிறது. நீ வேலை பார்க்கிற மில்லில் குரூடாயிலோடு தேங்காயெண்ணெய் கலந்து எஞ்சின் ஓட்டினார்கள் என்று போன காகிதத்தில் விளையாட்டாக ஒரு வரி எழுதினாயே, அதை அப்பா பிடித்துக்கொண்டார். தேங்காயெண்ணெய் காலைக் குளிரில் உறைந்துபோகும், நல்லெண்ணெய்தான் உறையாது என்று தானே ஒரு சட்டம் போட்டு, மிச்சமிருந்த குரூடாயிலில் பாதிக்குப் பாதி ஊற்றினார்.

முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது, குளத்தங்கரை முழுக்கப் பலகாரம் சுடுகிற வாசனை, அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. தம்பி கழற்றிப் பார்த்தால் எண்ணெய் பீச்சுகிற மூக்கில் கரிந்த பாகு அடைத்திருக்கிறது. செக்கு வைத்திருக்கும் சொர்ணம்மாளைக் கேட்டதற்கு, கருப்பட்டி போடாம ஆராவது எள்ளு ஆட்டுவாவளா, எஞ்சினுக்குன்னு மொதல்லயே சொன்னியளா என்று சண்டைக்கு வந்தாள். அவள் சொல்வதும் நியாயந்தானே. தம்பி அதைத் துடைத்து மாட்டி, எஞ்சினைக் கிளப்பத் திரும்பச் சுற்றும்போதுதான் கைப்பிடி அவன் மணிக்கட்டில் திருப்பி அடித்தது. எலும்பு முறியவில்லை என்று வைத்தியர் சொல்கிறார்.

இத்தோடு விட்டாரா உன் அப்பா? குற்றம் கருப்பட்டிமேல்தான், எண்ணெய்மேல் இல்லை என்று, கருப்பட்டி போடாமல் புதிதாக ஆட்டக் கொடுத்திருக்கிறார். வீக்கம் வடிந்ததும் சத்தியநேசன்தான் சுற்ற வேண்டுமாம். பயிர் கண்முன்னே வாடுவதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது, ஓட்டட்டுமே என்று ஒரு மனசு சொல்கிறது, அந்த மனசை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. நான் வேண்டாம் என்றால் உனக்கு எஞ்சினைப் பற்றி என்னட்டி தெரியும் என்கிறார், செல்வதாஸ் சொன்னால் கேட்பேன் என்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு கோயிலுக்குப் போகாமல் இருக்காதே. உன் கை தொடுகிற வேலையெல்லாம் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். இதற்குக் காகிதம் எழுதாதே மக்கா, தந்தி அடி. தந்திக்காரனைக் கண்டால் சாவுச் செய்தி என்று ஊரே கூடிவிடும், கூடட்டும். நெல் போனாலும் போகட்டும், தம்பியை எஞ்சினைத் தொடவிடாதீர்கள் என்று அடி, நான் வாசலிலேயே நிற்கிறேன்.

உன் அம்மா
தங்கபாய்