சிவப்புத் துணியக் கழட்டச் சொன்ன மதினிக்கு

மதினி,

ஞாயித்துக்கெழம சாயங்காலம் கிரவுண்டுப் பக்கம் போனேன். யாரோ உப்புப் போட்டு நெலக்கடலை அவிச்சுக் கொண்டாந்திருக்காக. அந்த வாசம் மூக்குல ஏறவும் கால் அங்கனயே நின்னுருச்சு. உங்க தூக்குவாளி வந்துருச்சுன்னுதேன் நெனச்சேன். நீங்க போயி வருசம் திரும்பிருச்சுங்கிறது பெறகுதேன் ஒறச்சது. ஆத்தா கௌமாரி, எங்க மதினிய நல்லா வச்சிரு தாயின்னு கண்ண மூடிக் கும்புட்டேன். கும்புட்டு முடிக்கல, "ஏத்தா, கும்புடவா கிரவுண்டுக்கு வந்த, அங்கன கார்னர் அடிக்கிறான் பாரு"ன்னு நீங்க வையிறது காதுல கேக்குது.

எங்க அண்ணனக் கட்டிக்கிட்டு மார்க்கையன்கோட்டைப் பக்கத்துல இருந்து நீங்க வந்த புதுசுல, ஊரே வேடிக்க பாத்துச்சு. மத்த பொம்பளைக நாங்க வெள்ளிக்கெழம கோயில் வாசல்ல ஒக்காந்திருப்போம். நீங்க ஞாயித்துக்கெழம கோல் போஸ்டுக்குப் பின்னாடி, புளியமரத்து வேருல ஒக்காந்திருப்பீக. மடியில கடலை வாளி. நம்ம டீமு செயிச்சா பயலுகளுக்குக் கைநெறையக் கடலை. தோத்தா தொலிய மட்டும் எறிவீக. "பருப்புத் திங்க வேல செஞ்சீகளா"ன்னு கேப்பீக. பயலுக தலையில தொலியோட வீட்டுக்குப் போவானுக. ஒருத்தனும் கோவிச்சுக்கிட்டதில்ல. உங்க வாய்க்குப் பயந்து நல்லா ஆடுனவனும் உண்டு, உங்க வாய்க்குப் பயந்து பந்து வந்தாலே கண்ண மூடிக்கிட்டவனும் உண்டு.

உங்களுக்குத் தொணையா வந்தவதேன் நான். எனக்குப் பந்தும் தெரியாது, ஒன்னும் தெரியாது. எங்க அண்ணன் மகன் வீரமணி ஆடுறான், அத்தைக்காரி நான் பாக்காம யாரு பாக்குறது. அவேன் கால்ல பந்து வந்தா நான் மந்திரம் சொல்லுவேன். நீங்க, "அந்த மந்திரத்த அவேன் காதுல சொல்லு, பாஸ் குடுக்கச் சொல்லி"ன்னு சொல்லுவீக.

நம்ம டீமுக்குன்னு ஒரு வழக்கம் இருக்கே மதினி, அது எந்த ஊருலயும் இல்லன்னு நெனைக்கிறேன். சீசன் ஆரம்பிக்கையில ரசிகருக எல்லாரும் கூடி, சிவப்புத் துணி ஒன்னக் கிழிச்சு, கேப்டனுக்கு இடது கையில கட்டுவாக. தோத்துட்டு வந்தா அந்தக் கேப்டன் பூட்ஸக் கழட்டாம நேராப் புளியமரத்தடிக்கு வந்து நிக்கணும். எல்லாரும் வையிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. வஞ்சு முடிச்சு, "சரி, கழட்டுடா"ன்னு சொன்னாத்தேன் பூட்ஸக் கழட்டி வீட்டுக்குப் போகலாம். அதோட அந்தத் தோல்வி முடிஞ்சது. மறுநாள் எவனும் அதப் பத்திப் பேசக் கூடாது. வையிறதுன்னா சாமானியமா வைய மாட்டாக. ஆனா கழட்டுன்னு சொல்லாம விட்டதில்ல.

வீரமணிக்குக் கால் ஒடிஞ்சது ஞாபகம் இருக்கா. வடுகபட்டிக்காரனுகளோட ஆடையில முழங்காலுக்குக் கீழ போச்சு. தேனி ஆசுபத்திரியில டாக்டரு, இனிமே ஓடுறது கஷ்டம்னு சொன்னாரு. அன்னைக்குத்தேன் உங்க கண்ணுல தண்ணியப் பாத்தேன். கோயிலுக்கு வாங்கன்னா முட்டிவலின்னு சொல்ற ஆளு, ஆசுபத்திரி வராந்தாவுல நின்னு வீரபாண்டிக் கோயில் இருக்குற தெசையப் பாத்துக் கைய எடுத்தீக. "கால் கூடட்டும் தாயி, மூணு வருசம் இவேன் கையில தீச்சட்டி எடுக்க வைக்கிறேன்"னு வேண்டுனீக. கூடிருச்சு. ஆடவும் வந்துட்டான். கேப்டனும் ஆயிட்டான். சிவப்புத் துணியக் கட்டி முடிச்சுப் போட்டதே நீங்கதேன்.

அவேன் கேப்டனா இருந்த ரெண்டாவது சித்திரையில வந்துச்சு வென. குமுளிக்கு மேல ஒரு டோர்னமெண்டு. அவுக போன் போட்டுத் தேதி கேட்டாக. இவேன் சரின்னுட்டான். காலண்டரப் பாக்கல. பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும், அது திருவிழாவுக்குக் காப்புக் கட்டுன வாரம்னு. நேந்துக்கிட்டவுக மஞ்சக் கயிறு கட்டிட்டா செருப்புப் போடக் கூடாது, வெளியூருல ராத்தங்கக் கூடாது. செருப்புக்கே தடைன்னா பூட்ஸு எப்புடிப் போடுறது. இவேன் மட்டும்னா தேவலை. கோலுல நிக்கிற கோலி, பேக்குல நிக்கிற ரெண்டு பேருன்னு இன்னும் மூணு பேரு காப்புல இருந்தானுக. தேதிய மாத்துங்கன்னு இவேன் கேட்டான். முடியாதுன்னுட்டாக.

போகாம இருந்திருக்கலாம். "ஒத்துக்கிட்டுப் போகலைன்னா அசிங்கம்"னு இவேன் கூட்டிட்டுப் போனான். வேன்ல நம்மளும் போனோம். மலையாளத்து ரெப்ரீ இவேன் காலப் பாத்துட்டு, "எந்தா மோனே, பூட்ஸ் இல்லே"ன்னு கேட்டாரு. இவேன் கையில இருந்த மஞ்சக் கயித்தக் காட்டுனான். அவரு தலையில கைய வச்சுக்கிட்டாரு. பெறகு மழ வேற புடிச்சுக்கிச்சு. அவனுக பூட்ஸ்ல ஆணி மாதிரி முள்ளு. இவனுக வெறுங்கால்ல வழுக்கி வழுக்கி விழுகுறானுக. மிதி வாங்குறானுக. ஏழு கோலு மதினி. நான் ஆத்தாவக் கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்ட கட்டிப்போச்சு. உங்க கடலை வாளி மூடுனது மூடுனபடி இருந்துச்சு.

பொழுது சாயத் திரும்பி வந்து வேன் புளியமரத்தடியில நின்னுச்சு. ஊரு மொத்தமும் அங்கனதேன் இருந்துச்சு. வீரமணி எறங்கி வந்து வழக்கம்போல நடுவுல நின்னான். கட்டவிரல் நகம் பேந்து தொங்குது. சேத்துல ரத்தம்.

பஸ் கண்டக்டரு அண்ணன்தேன் மொதல்ல ஆரம்பிச்சாரு.

"ஏப்பா, அங்கன கோலு எழுதுன ஆளு சாக்பீஸு பத்தலன்னானாமே."

"நம்ம கோலி எங்கய்யா நின்னான், எனக்குக் கண்ணுலயே படலையே."

"நின்னான், நின்னான். பந்து வந்தா ஒதுங்கி வழி விட்டான். பஸ்ஸுல கண்டக்டருக்கு விடுவாகளே, அப்புடி."

சிரிச்சாக. பெறகு திராட்சத் தோட்டக்காரரு எந்திரிச்சு, "சிரிச்சது போதும். போன மாசம் தோத்தோம், அதுக்கு முன்னாடியும் தோத்தோம். டீமு சரியில்லையா, நடத்துறவேன் சரியில்லையா, அதப் பேசுங்க"ன்னாரு. "சாமி காரியம்ங்க, பய என்ன செய்வான்"னு ஒருத்தரு சொன்னாக. "சாமியா தேதி குடுத்துச்சு"ன்னு இன்னொருத்தரு. அதுக்கு மேல பேச்சு நகரல. எல்லாரு கண்ணும் உங்களப் பாத்துப் பாத்துத் திரும்புது. பெத்தவள வச்சுக்கிட்டுக் கேப்டன மாத்துன்னு எப்புடிச் சொல்றதுன்னு அவுகளுக்குச் சங்கட்டம்.

நீங்க வாளியக் கீழ வச்சீக.

"ஏன், எல்லாரு வாயிலயும் கொழுக்கட்டையா. எம்மவேன்னு பாக்குறீகளா. மகன்னா சோறு போடுவேன். கேப்டன்னா கேள்வி கேப்பேன். ஏலே வீரமணி, குமுளிக்காரேன் தேதி கேட்டப்ப வீட்டுக் காலண்டரு எங்கலே இருந்துச்சு."

"செவுத்துலதேம்மா."

"நீ எங்க இருந்த."

அவேன் கையில இருந்த மஞ்சக் கயித்தத் திருகுனான்.

"திருவிழா எப்பன்னு ஊருல நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். பதினோரு பேரக் கூட்டிட்டுப் போறவனுக்குத் தெரியல. தெரிஞ்ச பெறகாவது போகாம இருந்தியா. உன் மானத்துக்கு அந்தப் பயலுக கால மிதிக்கக் குடுத்துட்டு வந்திருக்க."

அவேனுக்கு அப்பத்தேன் பொறுக்கல. "நீ வேண்டுனதுக்குத்தானம்மா நான் காப்புக் கட்டுனேன்"னு சொன்னான். மெதுவாத்தேன் சொன்னான்.

"வேண்டுனது நாந்தேன். அதுக்கு ஆத்தாகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். டீமுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீ."

கண்டக்டரு அண்ணன் எடையில புகுந்து, "சரி தாயி, விடுங்க. கழட்டிட்டுப் போகச் சொல்லுங்க"ன்னாரு. சொன்ன பெறகுதேன் அவேன் கால அவரு பாத்தாரு. வெறுங்காலு. "இன்னைக்குக் கழட்டத்தேன் ஒன்னுமில்லையே"ன்னு சொல்லிட்டுத் தலையச் சொறிஞ்சாரு.

"இருக்கே"ன்னீக.

எல்லாரும் உங்களப் பாத்தாக.

"ரெண்டு கையிலயும் கட்டிருக்கான்ல. ஏலே, ஆத்தாளுக்குக் கட்டுனத வச்சுக்க. நாங்க கட்டுனதக் கழட்டு."

அவேன் வலது கையில மஞ்சக் கயிறு, இடது கையில சிவப்புத் துணி. முடிச்சு மழையில நனஞ்சு இறுகிப்போச்சு. பல்லால கடிச்சு அவுத்தான். உதட்டுல சேறு. நேரா வந்து உங்க மடியில போட்டான். நீங்க அவேன் மூஞ்சியப் பாக்காம அத மடிச்சுத் திராட்சக்காரரு கையில குடுத்தீக. "சரி, வீட்டுக்குப் போ"ன்னீக. அவேன் உங்க வீட்டுக்குப் போகல. எங்கூட வந்தான்.

அன்னைக்கு உங்கள நான் பேசாத பேச்சில்ல. பேயின்னேன், கல்லுன்னேன். பெத்த வயிறான்னு கேட்டேன். நீங்க தொறக்காத கடலை வாளியக் கையில எடுத்துக்கிட்டே, "ஏத்தா, நான் சொல்லலைன்னா அவுக சொல்லிருப்பாக. அவுக சொன்னா அது பகையாயிரும்"னு மட்டும் சொன்னீக. அது பாசமா, வைராக்கியமா, இல்ல தோத்த எரிச்சலான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. மூணுமாத்தேன் இருக்கும்.

மூணாவது வருசத் தீச்சட்டி அன்னைக்கு வீரபாண்டியில அவேன் நெருப்ப ஏந்தி வாரான். ரோடு கொதிக்குது. அவேனுக்கு முன்னாடி நீங்க கொடத்துத் தண்ணிய ரோட்டுல ஊத்திக்கிட்டே நடந்தீக. ஊத்துற தண்ணியப் பாத்தீக, அவேன் காலப் பாத்தீக, மூஞ்சிய மட்டும் பாக்கல. அவேனும் பாக்கல. நேந்தது நேந்தபடி முடிஞ்சது.

அதுக்குப் பெறகு உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு பந்தோட நின்னுபோச்சு. சோத்தப் போட்டுட்டு, "இன்னைக்கு லெப்டுல எவேன் நின்னான்"னு கேப்பீக. அவேன் சொல்லுவான். "தெண்டம்"னு சொல்லிட்டுக் கொழம்ப ஊத்துவீக. கேப்டனா இல்லாட்டியும் டீம்ல ஆடிக்கிட்டுத்தேன் இருந்தான். நீங்களும் மரத்தடிக்குப் போயிக்கிட்டுத்தேன் இருந்தீக, கிட்னி உங்கள ஆசுபத்திரியில படுக்க வைக்கிற வரைக்கும். கடைசி ஞாயித்துக்கெழம அவேன் கிரவுண்டுல இருந்து சேத்தோட ஓடி வந்து, "ரெண்டுக்கு ஒன்னுன்னு செயிச்சுட்டோம்மா"ன்னான். நான் விபூதியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். கண்ணத் தொறந்து, "அந்த ஒன்னு எப்புடி விழுந்துச்சு"ன்னு கேட்டீக. அவேன் பதில் சொல்லல. அவேன் விட்ட ஆளு அடிச்ச கோலு அது. நீங்க அதுக்கு மேல யாருகூடயும் பேசல. இன்னைக்கும் தண்ணியப் போட்டுட்டா அதத்தேன் சொல்லி அழுகுறான், எங்கம்மாவுக்குப் பதில் சொல்லாம அனுப்பிட்டேன்னு.

இப்பக் கதையக் கேளுங்க. திராட்சக்காரரு மகன்தேன் இந்த சீசன் கேப்டன். வரிசையாத் தோல்வி. முன்னமாதிரி மரத்தடியில யாரும் வையிறதில்ல. எல்லாம் வாட்ஸ்அப்புல. மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது. ராத்திரி பகலுன்னு இல்லாம வையிறாக. அவேன் பொண்டாட்டியப் பத்தி எழுதுறாக, அப்பன் காசக் குடுத்துக் கேப்டன் ஆனான்னு எழுதுறாக. கழட்டுன்னு சொல்ல அதுல ஆளு இல்ல, அதனால அது முடியவே மாட்டேங்குது. பய மரத்தடிக்கே வரல. சிவப்புத் துணிய ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு யாருகிட்டயோ குடுத்துவிட்டுட்டான்.

அந்தப் பையத்தேன் ஞாயித்துக்கெழம மரத்தடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாக. போன்ல அம்புட்டு எழுதுனவுக, நேருல ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாக்கல. கண்டக்டரு அண்ணன் செருமிட்டு, "வீரமணி, நீயே திரும்பக் கட்டிக்கப்பா"ன்னாரு. அவேன் என்னையப் பாத்தான். சின்னப் புள்ளையில என் சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சு பாப்பானே, அந்தப் பார்வ. ஆத்தா பாத்துக்குவா, கட்டிக்கப்பான்னு சொல்லத்தேன் வாயத் தொறந்தேன். சத்தியமா அதச் சொல்லத்தேன் தொறந்தேன்.

"ஏலே, காலண்டரு இப்ப எங்கன இருக்கு"ன்னு வந்துருச்சு.

கூட்டம் மொத்தமும் நிமிந்துருச்சு. அவேன் மூஞ்சி அன்னைக்குப் போன மாதிரியே போச்சு. பெறகு மெல்லச் சிரிச்சான். "பாக்கெட்டுல இருக்கு அத்தே. திருவிழாத் தேதியக் குறிச்சு வச்சிருக்கேன்"னான். சட்டைக் கைய மடிச்சுவிட்டுக்கிட்டு எங்கிட்ட இடது கைய நீட்டுனான். "நீயே கட்டு. தோத்து இதக் கழட்டணும்னா நீதேன் கழட்டணும். வேற எவேன் கழட்டுனாலும் நான் தாங்க மாட்டேன்."

கட்டுனேன் மதினி. கோயில்ல காப்புக் கட்டுற அதே மூணு முடிச்சு. வர்ற ஞாயித்துக்கெழம போடிக்காரனுகளோட மேட்சு. நம்ம பயலுக ஆடுற லெச்சணத்துக்குத் தோப்பானுக. கடலைய ஊறப் போட்டுட்டேன். வெளக்கேத்திக் கும்புட ஒக்காந்தா, செயிக்க வை தாயின்னு வாயில வர மாட்டேங்குது. உங்க நாக்கு எனக்கு வந்துருச்சு, அது தெரிஞ்சுபோச்சு. அவேன் காலுக்கு முன்னாடி தண்ணி ஊத்துன உங்க கையி வந்திருக்கான்னுதேன் தெரியல.