சாம்பல் தேய்த்த வெள்ளிக்காசு

2024 ஜூன் 2, ஞாயிறு

வட்டகொடையில் ரயிலேறி ஹட்டனுக்குப் போய், வீரபத்திரன் அண்ணன் கடையில் அரைநாள் உட்கார்ந்துவிட்டேன். முன்பக்கம் கைக்கடிகாரம் திருத்துவார், பின்பக்கம் பழைய காசு விற்பார். சர்மிளா அக்காவுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு காசு வேண்டும். தாய்மாமன் போடுகிற காசு என்றால் சும்மாவா?

முதலில் விக்டோரியா ராணியின் தலை போட்ட வெள்ளி ரூபாயை எடுத்து வைத்தார். "எல்லாரும் இதத்தான் கேப்பாங்க, தம்பி." வேண்டாம் என்றேன். நம் ஆட்களைத் தேயிலைக்குள் கொண்டுவந்து தள்ளிய ராணி, பிள்ளையின் கழுத்திலும் தொங்க வேண்டுமா? பனைமரம் போட்ட செப்புச் சதக்காசு அழகுதான். மலையில் பிறக்கிற பிள்ளைக்குப் பனை எதற்கு?

கடைசியில் 1957ஆம் வருஷத்து ஐந்து ரூபாய். வெள்ளி. பெரிசு, உள்ளங்கையை நிறைக்கிறது. சுற்றிலும் மிருகங்கள். பிள்ளைக்குக் காட்டிக் கதை சொல்லலாம். காலம் போய்க் கறுத்திருக்கிறது. அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பு. அண்ணன் விளிம்பை மட்டும் பிடித்து, வட்டமான பிளாஸ்டிக் டப்பியில் போட்டுத் தந்தார். "தேச்சுக் கீச்சு வச்சிராதீங்க. அப்புறம் அது வெறும் வெள்ளிதான்."

வீட்டில் சொல்லவில்லை. பிறக்கும் முன்னே ஒரு நூல்கூட வாங்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அக்காவுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. முதல் தடவை அக்காவின் புருஷன் வினோஜன் மச்சான் கொழும்பில் இருந்து தொப்பி, சொக்ஸ் எல்லாம் வாங்கி வந்திருந்தார். பிறகு அவற்றை யார் எடுத்து வைத்தார்கள் என்று இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

நான் இதெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. அலுமாரியில் பழைய வேட்டிக்கு அடியில் வைத்தேன்.

ஜூன் 5

இன்றும் எடுத்துப் பார்த்தேன். பழைய காசு சேர்க்கிற பைத்தியம் என்று நான் வேலை செய்கிற ஸ்டூடியோவில் சொல்வது சரிதான் போல.

ஜூன் 11

ஏழாம் மாதத்திலேயே அக்காவுக்கு வலி வந்துவிட்டது. தோட்டத்து லொறியில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். பெண் பிள்ளை. ஒரு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மச்சான் கொழும்பில் பஸ் ஏறிவிட்டார்.

ஜூன் 12

காசு வாங்கினேன், பிள்ளை அவசரப்பட்டு வந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

இல்லைதானே?

ஜூன் 14

டாக்டர் சிங்களத்தில் சொன்னது எனக்குப் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியே போதும்.

பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதற்குள் விரலை விட்டுப் பிள்ளையைத் தொடலாமாம். அக்கா கையைக் கழுவினாள், துடைத்தாள், அப்படியே நின்றாள்.

"தொடவே பயமா இருக்குடா. எனக்கு வந்தது எதுவும் தங்கல."

காசைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தால் செத்தே போயிருப்பாள்.

ஜூன் 17

காலையில் மச்சானின் போன் வந்தபோது நான் ஸ்டூடியோவில் இருந்தேன். மூச்சு நின்று நின்று வருகிறதாம். குழாய் போட்டிருக்கிறார்களாம். அக்காவுக்கு மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா கொழுந்தெடுக்கப் போகவில்லை, சாமித்தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தட்டில் மஞ்சள் துணி முடிச்சு, ஈரம் சொட்டுகிறது. அடுப்படியில் புளிச்சக்கையும் சாம்பலும். பக்கத்தில் திறந்து கிடந்தது என் டப்பி.

"மாப்புள எனக்கும் போன் பண்ணாரு. ஆத்தாளுக்குக் காசு முடியணும், வீட்டுல ஒத்தக் காசு இல்ல. துணி கிழிக்க உன் வேட்டிய எடுத்தேன், அடியில இது கெடந்துச்சு. கரிக்கட்டையாட்டம் இருந்துச்சு. சாமிக்கு முடியிற காசு அப்படியா இருக்கும்? புளி போட்டு வெளக்கிட்டேன்."

கத்தினேன். அடுத்த லயத்து வீடுகளுக்கே கேட்டிருக்கும். எழுதக்கூடாத வார்த்தைகூட வந்தது. அங்கே பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது, நான் இங்க நின்னு காசுக்குக் கத்துறேன். நான்லாம் மனுஷனா?

"காசுதானடா. வேற காசு கெடைக்கும். அதுக்கு வேற மூச்சு கெடைக்குமா?"

பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஆமா, இது யாருக்கு வாங்குன?"

"பிள்ளைக்கு."

"எப்ப?"

நான் டப்பியை எடுத்து மூடினேன். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஏசுவாள் என்று நின்றேன். ஏசவில்லை. முடிச்சைக் கையிலெடுத்து, அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

"அப்ப சரியான காசத்தான் முடிஞ்சிருக்கேன். முந்தி வாங்குனத ஆத்தாகிட்டயே குடுத்திருவோம். பிள்ளைய அவ நமக்குக் குடுக்கட்டும்."

நம்பாத ஆள் நான். தட்டு முன்னால் விழுந்து கிடந்தேன். எடுத்துக்க ஆத்தா, அத எடுத்துக்க, எங்க பிள்ளைய விட்டுரு. எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

ஜூன் 18

இருக்கிறாள்.

ஜூன் 19

இருக்கிறாள்.

ஜூன் 24

குழாயை எடுத்தார்கள். மாலையில் திரும்பப் போட்டுவிட்டார்கள். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டி இன்று காலி. அதிலிருந்த பிள்ளையைப் பற்றி அக்கா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 9

பிள்ளையை அக்காவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறார்கள். தாயின் சூடு வேண்டுமாம்.

"அசையவே இல்லடா. காலு மரத்துப் போச்சு. போனா போகட்டும்னு உக்காந்திருந்தேன்."

இன்னும் எதையும் நம்பப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16, ஆடிக் கடைசி வெள்ளி

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு முதல் வெள்ளி. மஞ்சள் முடிச்சோடு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி சின்னத்தம்பி முடிச்சை அவிழ்த்தார். காசு பளபளவென்று நேற்று அடித்ததுபோல் இருந்தது. உண்டியலில் போடப் போனால், நுழையவில்லை. ஃபெக்டரியில் தகரத்தில் செய்து கொடுத்த உண்டியல். சின்னக் காசுக்குத்தான் வாய் வைத்திருக்கிறார்கள்.

பூசாரி சிரித்தார். "ஆத்தாளே வேணாங்குறா. பிள்ளைக்கே வச்சிருங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். மச்சானும் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"வேணாங்க. உண்டியல் சாவி யாருகிட்ட இருக்கு?"

கோயில் தலைவரிடமாம். அவர் மேல்மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருந்தார். மழையில் ஏறிப்போய்க் கையோடு கூட்டிவந்தேன். ஒரு காசுக்கா இந்தப் பாடு என்று முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார். காசைக் கை நிறையப் பொத்தி எடுத்து, உள்ளே சில்லறைக்கு அடியில் தள்ளினேன். பூட்டு விழும்வரை அங்கேயே நின்றேன்.

வரும் வழியில் அக்கா சீண்டினாள். "அப்ப மாமங்காரன் எம்பிள்ளைக்கு வெறுங்கைதான்?"

"வெறுங்கைதான்."

சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

வீட்டில் அந்தக் காலி டப்பி சாமித்தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. எறியலாம் என்று எடுத்தேன்.

"பாத்துடா, கொட்டிராத," என்றாள் அம்மா.

திறந்தேன். பஞ்சின்மேல் பிள்ளையின் தொப்புள்கொடி. காய்ந்து, கறுத்து, ஒரு கிராம்பளவு. வார்டில் விழுந்ததை அக்கா பொத்திப் பொத்திக் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

"தாயத்து செய்யிற வரைக்கும் நீயே வச்சிரு. உங்கிட்டதான் ஒண்ணும் தொலையாது."

என் காசுப் பெட்டியில் முதல் வரிசையில் இடம் பண்ணி வைத்தேன். எல்லாக் காசுக்கும் கீழே பெயரும் வருஷமும் எழுதி ஒட்டுவது என் வழக்கம். பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெயர் வைக்கிறார்கள். பெயருக்கு இடம் விட்டு, 2024 என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.